மலை உச்சிக்குப் படியேறிப் போனாலும் ரோப் காரில் போனாலும் நிலை ஆற்றல் ஒன்றுதானா? உயரத்தை எங்கிருந்து அளப்பது?

ஒன்றுதான். நிலை ஆற்றல், அதாவது உயரத்தில் இருப்பதால் ஒரு பொருளுக்கு இருக்கும் ஆற்றல், நிறை × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) × உயரம்; வகுப்பில் எம்ஜிஹெச் என்று ஒப்பித்தோமே, அதில் வரும் உயரம் செங்குத்தான உயரம் மட்டும். நடந்த தூரம் கணக்கிலேயே வராது.

சோளிங்கர் பெரிய மலையை எடுத்துக்கொள்ளுங்கள் (இப்போது ராணிப்பேட்டை மாவட்டம், எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் வட ஆற்காடுதான்). 1305 படி, சுமார் 750 அடி உயரம், அதாவது ஏறக்குறைய 228 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஒரு படி 7 அங்குலம் வருகிறது, சரியாகத்தான் இருக்கிறது. 60 கிலோ ஆள் மேலே போய்ச் சேர்ந்தால் 60 × 9.8 × 228, சுமார் 1,34,000 ஜூல். மூச்சு வாங்க ஏறினவருக்கும் ரோப் காரில் உட்கார்ந்து போனவருக்கும் இதே எண்தான், என்ன, ஒருத்தருக்குக் கால் கொடுத்தது, இன்னொருத்தருக்கு மோட்டார் கொடுத்தது. கலோரியில் சொன்னால் வெறும் 32 கிலோகலோரி, ஒரு இட்லியில் இருப்பதைவிடக் குறைவு! அப்புறம் ஏன் கால் இப்படிக் கெஞ்சுகிறது என்றால், தசை செலவழிப்பதில் நாலில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் தூக்கும் வேலைக்குப் போகிறது, மீதி எல்லாம் சூடாகிவிடும். வேலூர் பக்கத்து வெயில் தனிக் கணக்கு.

எங்கிருந்து அளப்பது? உங்கள் இஷ்டம், ஆனால் ஒரு கணக்குக்குள் சுழி மட்டத்தை (உயரம் பூஜ்ஜியம் என்று வைக்கும் இடத்தை) மாற்றக் கூடாது. போர்வெல்லில் தண்ணீர் 60 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது, மாடித் தொட்டி 10 மீட்டர் உயரத்தில் என்று வைப்போம். தரையைச் சுழி என்று எடுத்தால் ஒரு லிட்டருக்கு (ஒரு கிலோ) போர்வெல்லில் −588 ஜூல், தொட்டியில் +98. வித்தியாசம் 686. தண்ணீர் மட்டத்தையே சுழியாக எடுத்தாலும் 9.8 × 70, அதே 686தான் வரும். 1000 லிட்டர் தொட்டி நிரம்ப 6,86,000 ஜூல். ஒரு யூனிட் கரண்ட் 36 லட்சம் ஜூல் என்பதால் இது ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டர் இதைவிடக் கூடுதலாகக் காட்டும், மோட்டாரிலும் பம்பிலும் பைப் உராய்விலும் போவது அது.

பரீட்சைக்கு ஒன்று: கேள்வியில் எடை என்று நியூட்டனில் கொடுத்திருந்தால் மறுபடி 9.8-ஆல் பெருக்காதீர்கள், உயரத்தால் பெருக்கினால் போதும்.