கேம் விளையாடுவதைக் காட்டாமல், அன்றாட வாழ்க்கையை இணையத்தில் லைவ் போட்டால் யார் பார்ப்பார்கள்?

பார்ப்பார்கள். கேமுக்கு முன்பே வந்தது இதுதான். 2007-இல் அமெரிக்காவில் ஜஸ்டின் கான் என்பவர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தன் நாளை முழுக்க ஜஸ்டின்.டிவி என்ற இணையதளத்தில் ஒளிபரப்பினார். அந்த ஜஸ்டின்.டிவியிலிருந்து 2011-இல் கேம் லைவுக்கென்று பிரிந்தது ட்விட்ச் என்ற தளம். 2016 டிசம்பரில் அதே ட்விட்ச் அன்றாட வாழ்க்கைக்கும் தனிப் பிரிவு திறந்தது.

வேலூர் லாங்கு பஜாரில் காலையில் நான் லைவ் போடுவேன். கீரைக்கார அம்மா கட்டைப் பிரித்துத் தண்ணீர் தெளிப்பார். "முள்ளு கத்திரிக்காய் வந்துடுச்சா?" என்று துபாயிலிருந்து நம்மூர்க்காரர் ஒருவர் கேட்பார். போனைத் திருப்பி, காம்பில் இருக்கும் முள்ளைக் காட்டினால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். கேட்டதும் காட்ட முடிகிறதே, எடிட் செய்த வீடியோவில் இது கிடைக்காது.

விநாடிக்கு 3 மெகாபிட் வேகத்தில் அனுப்பினால் மணிக்கு சுமார் 1.35 ஜிபி டேட்டா போகும். நம்மூர் மே மாத வெயிலில் போன் சீக்கிரம் சூடாகிவிடும். காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கடைக்காரரிடம் முதலில் கேளுங்கள், "அக்கா, லைவ் போகுது, பரவாயில்லையா?" என்று. ஆஸ்பத்திரி வாசல் பக்கம் மட்டும் கேமராவைத் திருப்பவே வேண்டாம். எங்கெங்கிருந்தோ வலியோடு வந்து நிற்பவர்கள் அவர்கள். உங்கள் வீட்டுத் தெருவுக்குள் நுழையும் முன் லைவை நிறுத்திவிடுங்கள்.