கோப்பைப் படித்த பிறகு ஆயாம்மாவைக் கேளுங்கள்

கேள்வி இது: "நாங்கள் நியூஜெர்சியில் வசிக்கும் தமிழ்த் தம்பதி, இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். தமிழ்நாட்டிலிருந்து சிறப்புத் தேவை உள்ள ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்புகிறோம். எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?"

நான் பிசியோதெரபிஸ்ட். வீடு தண்டையார்பேட்டையில். வடசென்னையில் ஒரு தத்தெடுப்பு இல்லத்தில் 9 ஆண்டுகள், வாரத்தில் நான்கு நாள், குழந்தைகளின் கை காலை நீவி, நிற்க வைத்து, நடக்கப் பழக்கினேன். அப்படிப் பழகியவர்களில் 11 குழந்தைகள் வெளிநாட்டுப் பெற்றோருடன் போனார்கள். நான் தத்தெடுத்த அம்மா இல்லை, வழியனுப்பி வைத்தவள். அந்தப் பக்கம் நின்று பார்த்ததைத்தான் சொல்ல முடியும். குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது, அதனால் பெயர் எதுவும் சொல்ல மாட்டேன்.

சட்ட நடைமுறையைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அதில் உங்கள் ஏஜென்சி கூடவே வரும். 1993 ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையை இந்தியா 2003-ல் ஏற்றுக்கொண்டது. அதனால் நீங்கள் நேராக ஓர் இல்லத்துக்கு வந்து குழந்தையைப் பார்த்துக் கேட்க முடியாது. அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி உங்கள் வீட்டுக்கு வந்து ஆய்வறிக்கை எழுத வேண்டும், அமெரிக்கக் குடிவரவுத் துறையில் ஐ-800ஏ மனு போட வேண்டும், இந்திய அரசின் தத்தெடுப்பு ஆணையமான காராவில் பதிவாக வேண்டும். குழந்தையை ஏற்றுக்கொண்ட பிறகு காரா தடையின்மைச் சான்று தரும். அதன் பின் தத்தெடுப்பு ஆணை. முன்பு இதை நீதிமன்றம் தந்தது. 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் தருகிறார். வயதுக் கணக்கும் உண்டு. 2 முதல் 4 வயதுக் குழந்தை என்றால் உங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 90-ஐத் தாண்டக் கூடாது, 4 முதல் 8 வயது என்றால் 100. ஊருக்குப் போன பிறகு இரண்டு ஆண்டுகள் குழந்தையைப் பற்றி அறிக்கை வரவேண்டும், முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

உறவுக்காரர் யாராவது "தெரிஞ்ச ஆஸ்பத்திரியில ஒரு குழந்தை இருக்கு, பத்திரம் எழுதி வாங்கிக்கலாம்" என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். விதியை மீறித் தத்துக் கொடுத்தாலும் வாங்கினாலும் இளைஞர் நீதிச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தைக்கு அமெரிக்க விசாவும் கிடைக்காது. நடுவில் தவிப்பது அந்தக் குழந்தை.

சரி, இனி நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

சிறப்புத் தேவை என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் சக்கர நாற்காலிதான் கண்முன் வருகிறது. அந்தப் பட்டியலில் உதட்டுப் பிளவு இருக்கும், இதயத்தில் துளை இருக்கும், காது கேளாமை இருக்கும், மூளை முடக்குவாதமும் (செரிப்ரல் பால்சி) இருக்கும். ஒரே அறுவை சிகிச்சையோடு முடிவதும் உண்டு, ஆயுளுக்கும் கூட வருவதும் உண்டு. இரண்டுக்கும் இடையில் ஒரு வகை இருக்கிறது, அதில்தான் பெற்றோர் ஏமாறுகிறார்கள். பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் திரும்பியிருக்கும் வளைபாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுவோம். பாதம் நேரானதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கட்டுப் பிரித்த பிறகு, நடுவில் கம்பி வைத்த பூட்ஸை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும், பிறகு நான்கு வயது வரை இரவில் போட வேண்டும். "கால் நல்லா ஆயிடுச்சே, பாவம் குழந்தை அழுவுது" என்று கழற்றி வைத்தால் பாதம் திரும்பவும் வளையும். நான் பெட்டியில் அந்தப் பூட்ஸை என் கையால் வைத்து அனுப்புவேன், அடுத்த அளவு எது என்று சீட்டும் எழுதி.

அடுத்து கோப்பு. உங்களுக்குக் குழந்தையின் விவர அறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வரும். அங்கே உங்கள் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆனால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள். நான் வேலை பார்த்த இல்லத்தில் ஒரு பையனின் கோப்பு பதினாலு மாதம் பழையது. "தனியாக உட்கார இயலாது" என்று எழுதியிருந்தது. அவனோ சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் போய் வடித்த சாதத்தில் கையை விடுவான். அந்த வரியைப் படித்த ஒரு குடும்பம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களுக்குக் கிடைத்தது அந்த வரி மட்டும்தானே. புது அறிக்கை எழுதுங்கள் என்று நான் இன்னும் சத்தம் போட்டுக் கேட்டிருக்க வேண்டும், அது இன்றும் எனக்கு உறுத்தல். அதனால் சொல்கிறேன், அறிக்கை ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருந்தால் புதிது கேளுங்கள், ஏஜென்சி வழியாகவே கேளுங்கள். வீடியோவும் கேளுங்கள், படம் போதாது. குழந்தை சாப்பிடும்போது, விளையாடும்போது, அழுகையை நிறுத்தும்போது எடுத்தது வேண்டும். யார் தூக்கினால் அழுகை நிற்கிறது என்று பாருங்கள். ஒருவர் தூக்கினால் நிற்கிறது என்றால், அந்தக் குழந்தைக்கு மனிதரை நம்பத் தெரிகிறது என்று அர்த்தம். எனக்கு அது எம்ஆர்ஐயை விடப் பெரிய செய்தி.

அந்த ஒருவர் பெரும்பாலும் ஆயாம்மாதான்.

எங்கள் இல்லத்தில் காசிமேட்டிலிருந்து ஓர் ஆயாம்மா வருவார். பள்ளிக்கூடம் போனதில்லை. மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பாப்பாவை ஒன்றே கால் வயதிலிருந்து அவர்தான் பார்த்துக்கொண்டார். அந்தப் பாப்பாவின் கோப்பில் உணவு என்ற இடத்தில் "குழைந்த உணவு உண்ணும்" என்று மூன்றே சொல். ஆயாம்மா ஊட்டுவதைப் பார்த்திருந்தால் மூன்று பக்கம் எழுதலாம். பாப்பாவை மடியில் படுக்க வைக்க மாட்டார், சுவரில் சாய்ந்துகொண்டு தன் தொடைமேல் நிமிர்த்தி உட்கார வைப்பார். தலை பின்னால் போகாமல் முழங்கையால் கழுத்தைத் தாங்குவார். இரண்டு விரலால் தாடையைக் கீழிருந்து பிடிப்பார். ரசத்தில் ஊறிய இட்லியை அரை ஸ்பூன் எடுத்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருப்பார். ஸ்பூனை மேலே தூக்கிப் பல்லில் தேய்த்து எடுக்க மாட்டார், நேராக வெளியே இழுப்பார். "இப்போ முழுங்குவா பாரு" என்பார், பாப்பா முழுங்குவாள். ஒரு இட்லிக்கு நாற்பது நிமிடம். நான் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்திருந்தார். "எக்ஸர்சைஸ் மேடம், சோத்தைக் கொட்டி வாயை மூடுனா பொறை ஏறிடும்" என்று புது ஆயாக்களுக்கு என்னைச் சாட்சி வைத்துச் சொல்லுவார். அந்தப் பொறை ஏறுதல்தான் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியாவாக மாறுகிறது, உயிருக்கே ஆபத்து. கோப்பில் அதற்கு ஒரு வரி கிடையாது.

அந்தப் பாப்பாவை மூன்றரை வயதில் அமெரிக்காவில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் தத்தெடுத்தது. அம்மா கோயம்புத்தூர்க்காரர், தங்கமான மனசு. போய் ஆறு வாரம் கழித்து எனக்கு வீடியோவில் அழைத்தார், முகம் வாடியிருந்தது. அங்கே பரிசோதித்த தெரபிஸ்ட், "சொன்னதைப் புரிந்துகொள்வதில்லை" என்று எழுதிவிட்டாராம். "நான் தமிழில்தான் பேசறேன், உட்காரு கண்ணு, உட்காரு கண்ணுன்னு எத்தனை தடவை சொன்னாலும் அப்படியே பாக்குறா" என்றார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. பிறகு சட்டென்று புரிந்தது. எங்கள் இல்லத்தில் யாரும் அவளிடம் உட்காரு என்று சொன்னதே இல்லை. "குந்து" என்றுதான் சொல்வார்கள். போனை பாப்பா பக்கம் திருப்பச் சொல்லி, ஆயாம்மாவைக் கூப்பிட்டேன். ஆயாம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "கண்ணு, குந்து" என்றார். வாக்கரைப் பிடித்து நின்றிருந்த பாப்பா திரையைப் பார்த்து, மெதுவாக முட்டி மடக்கி, பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நாங்களும்தான்.

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து அவளுக்குத் தெரிந்த சொற்களை எழுதி அனுப்பினேன். மம்மு என்றால் சாப்பாடு, தாச்சி என்றால் தூக்கம், குந்து, எந்திரி, வோணாம். இருபத்தேழு சொற்கள் வந்தன. சொன்னது புரியாத குழந்தை என்று எழுதப்பட்டவளிடம் இருபத்தேழு சொற்கள்! அதற்குப் பிறகு எந்தக் குழந்தை போனாலும், வெளிநாட்டுக்காரரோ தமிழரோ, முதலில் சொற்பட்டியல், ஒவ்வொரு சொல்லையும் ஆயாம்மா குரலில் பதிவு செய்து அனுப்பினேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். தமிழ் தெரியும் என்பதால் உங்களுக்கு இது தேவைப்படாது என்று நினைக்காதீர்கள்.

ஒப்படைப்பு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடையின்மைச் சான்று வந்த பிறகு, ஆணை வரும்வரை குழந்தையை வளர்ப்புப் பராமரிப்பாக உங்களிடம் தர விதியில் இடமிருக்கிறது. விடுப்பு எடுக்க முடிந்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒரே நாளில் வந்து, மாலை போட்டுப் படம் எடுத்து, சாயங்காலம் காரில் ஏற்றிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். முதல் நாள் நீங்கள் ஊட்டாதீர்கள், ஆயாம்மா ஊட்டட்டும், பக்கத்தில் இருங்கள். இரண்டாம் நாள் தாடையை அவர் பிடிக்கட்டும், ஸ்பூனை நீங்கள் பிடியுங்கள். நான்காம் நாள் அவர் எழுந்து போகட்டும். கிளம்பும்போது ஆயாம்மாவின் பழைய சேலை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், துவைக்காமல். தலையணைக்கு அடியில் வையுங்கள், மூன்று மாதமாவது துவைக்காதீர்கள். மீன் வாசமும் தேங்காய் எண்ணெய் வாசமும் அடிக்கும், அதுதான் குழந்தைக்கு வீடு.

குழந்தைக்கு நீங்கள் அம்மா அப்பா, அது உங்களுக்கு மட்டும்தான் முதலில் தெரியும். குழந்தைக்குத் தெரிந்தது, தன்னைப் பெற்றவர் ஒருமுறை போனார், வளர்த்தவர் இப்போது போகிறார் என்பது. அதனால் முதல் சில வாரம் சாப்பிடாமல் இருக்கலாம், தூக்கத்தில் அலறலாம், உங்களைத் தள்ளலாம். நடந்துகொண்டிருந்த குழந்தை தவழவும் செய்யும். நோய் முற்றிவிட்டது என்று பயந்துபோய் உடனே பத்து தெரபி ஆரம்பிக்காதீர்கள். வலிப்பு மருந்து மட்டும் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. சிரப்பாக இருந்தால் பாட்டிலில் உள்ள இந்திய பிராண்ட் பெயரை நம்பாதீர்கள், மருந்தின் மூலப்பெயர் (ஜெனரிக்), எத்தனை மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவர் கையெழுத்தோடு வாங்கி, இரண்டு மாதத்துக்கான மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பிறந்தவுடன் போட்ட பிசிஜி தடுப்பூசி பற்றியும் அங்கே சொல்லுங்கள், இல்லையென்றால் தோலில் செய்யும் காசநோய்ப் பரிசோதனை வீணாகப் பயமுறுத்தும்.

"ஊர்ல வேற நல்ல குழந்தையே கிடைக்கலையா?" என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். கேட்காதவர்கள் "பெரிய புண்ணியம்" என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம். புண்ணியத்துக்கு வளர்க்கும் பிள்ளை ஒருநாள் அடம்பிடித்தால், "உனக்காக எவ்வளவு செஞ்சோம்" என்று வாயில் வந்துவிடும். உங்களுக்கு ஒரு பிள்ளை வேண்டும், இந்தப் பிள்ளை வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாருங்கள். அங்கே மூன்று வயதிலிருந்து சிறப்புக் கல்வியைப் பள்ளி மாவட்டமே, அதாவது உங்கள் பகுதியின் அரசுப் பள்ளி நிர்வாகமே, இலவசமாகத் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அது பெரிய பலம். நாங்கள் இங்கே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும், நாள் ஒதுக்கி நகரத்தின் மறுகோடியில் முட்டுக்காட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனத்துக்கும் போய் வருவோம். ஆனால் பள்ளி தருவது வாரத்தில் சில மணி நேரம். மிச்சம் முழுக்க உங்கள் இருவரின் இடுப்பும் தோளும்தான். குழந்தை வளர வளரக் கனக்கும். யார் வேலையைக் குறைத்துக்கொள்வது என்று இப்போதே பேசி முடிவெடுங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும், குழந்தையின் பெயர், படம், ஊர் எதுவும் போடாமல், புரியாத மருத்துவச் சொற்களை மட்டும் கீழே எழுதுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பார்த்துப் பதில் சொல்கிறேன். சொற்பட்டியல் எடுக்க என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு தாள் வைத்திருக்கிறேன், அதையும் அனுப்புகிறேன்.