வெளியே வராத பெல்ட்டும் பிடிக்காத பக்கிளும்

கேள்வி: எங்கள் கார் ஒன்பது ஆண்டுப் பழையது. பின்னிருக்கையின் இடப்பக்க சீட் பெல்ட் இழுத்தால் வருகிறது, ஆனால் திரும்பச் சுருண்டு உள்ளே போவதில்லை. சாமான் ஏற்றுவதற்காக இருக்கையை மடித்து நிமிர்த்திய நாளிலிருந்து நடு பெல்ட் வெளியே வரவே மறுக்கிறது. வலப்பக்கத்துப் பக்கிள் சில நேரம் பூட்டிக்கொள்கிறது, சில நேரம் நழுவிவிடுகிறது. பின்னால் என் தாயாரும் 3, 7 வயதுப் பிள்ளைகள் இருவரும் அமர்வார்கள். எண்ணெய் விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அதுவரை சின்னவனைப் பாட்டி மடியில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று கோளாறுகளும் ஒரே தரத்தவை அல்ல. வெளியே வராத பெல்ட் பெரும்பாலும் தொல்லை மட்டுமே. பிடிக்காத பெல்ட்தான் ஆபத்து. எனவே உங்களை அதிகம் எரிச்சலூட்டும் நடு பெல்ட்டைவிட, எப்போதாவது மட்டும் நழுவுகிற வலப்பக்கப் பக்கிளைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

பெல்ட்டைச் சுருட்டி வைத்திருக்கும் ரீலுக்குள் இரண்டு விதமான உணர்வமைப்புகள் உண்டு. வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ ஒரு சிறு உலோகக் குண்டு இடம்பெயர்ந்து பல்சக்கரத்தைப் பூட்டிவிடும். பட்டையை வெடுக்கென இழுத்தாலும் ரீல் தனியாகப் பூட்டிக்கொள்ளும். பல கார்களில் நடு பெல்ட்டின் ரீல் முதுகுச் சாய்வுக்குள்ளேயே இருப்பதால், சாய்வு தன் கொக்கியில் முழுமையாக மாட்டாமல் சற்றே முன்சரிந்து நின்றாலும் அது பூட்டிய நிலையிலேயே இருந்துவிடும். உங்கள் காரில் நடந்திருப்பது அநேகமாக இதுதான். சாய்வை மீண்டும் முன்னால் மடித்து, இடையில் பட்டையோ துணியோ சிக்கியிருக்கிறதா எனப் பார்த்து, ‘டக்’ என்ற ஒலி கேட்கும்வரை அழுத்தி நிமிர்த்துங்கள். பின்னர் பட்டையை ஒருமுறை வலுவாக இழுத்து விட்டு, அது சிறிது உள்ளே போனதும் மெதுவாக இழுங்கள். வண்டி சரிவில் நின்றிருந்தால் முதலில் சமதரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். சரிவில் பெல்ட் பூட்டிக்கொள்வது கோளாறே அல்ல.

இடப்பக்கத்து பெல்ட் சுருளாததற்கு முதல் காரணம் பெரும்பாலும் அழுக்குதான். ஆண்டுக்கணக்கில் படிந்த வியர்வையும் தூசியும் பட்டையைத் தடிப்பாக்கி, தோளுக்கு மேலுள்ள வளையத்திலும் பிசுக்காக ஒட்டிக்கொள்கின்றன. பட்டையை முழுவதும் வெளியே இழுத்து, மீண்டும் உள்ளே ஓடாதபடி ஒரு கவ்வியால் பிடித்துவைத்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்த மென்மையான சோப்பால் துடைத்து, நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ப்ளீச்சும் கரைப்பான்களும் இழைகளை வலுவிழக்கச் செய்யும் என்பதால் அவை வேண்டாம். காய்ந்த பிறகும் சுருளவில்லை என்றால் ரீலின் வில் தளர்ந்திருக்கலாம். அப்போது ரீலையே மாற்ற வேண்டும். சுருளாத பெல்ட்டைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பட்டை எவ்வளவு தொய்ந்திருக்கிறதோ அவ்வளவு தூரம் உடல் முன்னோக்கிப் பாய்ந்த பிறகே அது பிடிக்கும். தொங்கும் பட்டை கதவில் சிக்கி விளிம்பு கிழிவதும் வழக்கம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டுவதற்காகச் சில பெல்ட்டுகளில் ஒரு தனி ஏற்பாடு உண்டு. பட்டையைக் கடைசிவரை இழுத்துவிட்டால், அதன் பின் அது ‘கிட் கிட்’ என்ற ஒலியோடு உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. முழுவதும் சுருண்ட பிறகே பழைய நிலைக்குத் திரும்பும். விளையாட்டாக பெல்ட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இழுக்கும் பிள்ளைக்கு இது உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நேர்ந்து, பக்கிளைக் கழற்றியும் பட்டை தளரவில்லை என்றால் தயங்காமல் அதை வெட்டிவிட வேண்டும்.

இனி வலப்பக்கத்துப் பக்கிள். பிள்ளைகள் அமரும் வண்டியில் பக்கிளின் வாய்க்குள் நாணயமும் பிஸ்கட் துகளும் பொம்மையின் உடைந்த துண்டும் கிடப்பது புதிதல்ல. டார்ச் அடித்துப் பார்த்து, வாக்குவம் கொண்டு உறிஞ்சி எடுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். அது ஓரிரு நாள் வழவழப்பைத் தந்துவிட்டு, பிறகு தூசியைப் பிடித்துவைத்துப் பசையாகிவிடும். மெக்கானிக் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் இது கதவுக் கீல் அல்ல. சுத்தம் செய்தபின் பத்து முறை பூட்டி, ஒவ்வொரு முறையும் வலுவாக இழுத்துப் பாருங்கள். ஒருமுறை நழுவினாலும் அதைப் பழுதுபார்க்க முயலாமல், உங்கள் வண்டி மாடலுக்கே உரிய புதிய பக்கிளை வாங்கி மாட்டுங்கள். பழைய வண்டியிலிருந்து கழற்றிய பெல்ட் எந்த விபத்தைத் தாங்கியது என்று யாருக்கும் தெரியாது. கிழிந்த பட்டையைத் தைத்து ஓட்டுவதும் கூடாது.

மடியைப் பற்றிக் கேட்டீர்கள், கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி, பத்தில் ஒரு நொடியில் நின்றுவிடுவதாகக் கொண்டால், 14 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 200 கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும். எந்தப் பாட்டியின் கையும், எந்தப் பயில்வானின் கையும் அதைத் தாங்காது. பாட்டியையும் பேரனையும் ஒரே பெல்ட்டால் சுற்றுவது இன்னும் மோசம். பாட்டியின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும்.

7 வயதுப் பிள்ளைக்கும் காரின் பெல்ட் மட்டும் போதாது. மும்முனை பெல்ட் பெரியவர்களின் இடுப்பெலும்பையும் தோளெலும்பையும் பற்றுக்கோடாகக் கொண்டு இயங்குகிறது. சிறு பிள்ளையிடம் அதன் கீழ்ப்பட்டை இடுப்பிலிருந்து வழுக்கி வயிற்றில் ஏறுவதால் குடலும் முதுகெலும்பும் காயமடையக்கூடும். மேற்பட்டை கழுத்தில் உரசுவதால் பிள்ளையே அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். உயரம் ஏறத்தாழ 145 முதல் 150 சென்டிமீட்டர் வரும்வரை, பெல்ட் சரியான இடத்தில் படியும்படி பிள்ளையை உயர்த்தி அமரவைக்கும் பூஸ்டர் இருக்கை தேவை.

பக்கிள் மாற்றும்வரை யார் எங்கே அமர்வது? உங்கள் காரின் பின் ஓர இருக்கைகளில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தை இருக்கையை பெல்ட் இன்றி நேரடியாகக் காரின் உடலோடு மாட்டும் உலோகப் பிடிகள்) இருந்து, இளைய குழந்தையின் இருக்கை தனக்கென வார்ப்பட்டைகளுடன் அவற்றில் மாட்டக்கூடியதாக இருந்தால், அதை வலப்பக்கத்திலேயே பொருத்தலாம். அது காரின் பெல்ட்டை நம்பியிருப்பதில்லை. குழந்தையும் இருக்கையும் சேர்ந்த எடை கையேடு சொல்லும் வரம்புக்குள் இருக்கட்டும். பூஸ்டருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஐசோஃபிக்ஸ் உள்ள பூஸ்டரிலும் பிள்ளையைப் பிடிப்பது காரின் பெல்ட்தான். ஆகவே மூத்த பிள்ளை சரிசெய்த இடப்பக்கத்திலும், தாயார் நடுவிலும் அமரட்டும். ஐசோஃபிக்ஸ் இல்லையென்றால் பின்னால் இருவருக்கே இடம் உண்டு. அந்த நாட்களில் பெரியவர் ஒருவர் வேறு வண்டியில் வரட்டும், ஏனெனில் பெல்ட் அணியாமல் பின்னால் அமரும் பெரியவர் மோதலின்போது பக்கத்திலுள்ள பிள்ளைகள் மீதே விழக்கூடும்.