கருமையான முடியை வீட்டிலேயே பொன்னிறமாக்க முடியுமா?

"என் முடி ரொம்பக் கறுப்பு. சலூனுக்குப் போகாமல் வீட்டிலேயே, ஒரே நாளில் பொன்னிறமாக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் தங்கச்சி, ஆனால் ஒரே நாளில் முடியாது. சலூனில் கேட்கிற விலை கட்டுப்படியாகாமல்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டில் யாருக்கும் இன்னும் சொல்லியிருக்கவும் மாட்டீர்கள்.

"நம்ம முடிக்கு அது ஒத்துவராது, எல்லாம் கொட்டிப் போகும்" என்று யாராவது வந்து எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் டவுனில் ஒரு சலூனில் வேலை பார்த்தவள். கூடப்பிறந்த தங்கச்சிக்கு எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்காரவைத்து நானே செய்துவிட்டேன். அவள் முடி இன்றும் இடுப்பைத் தொடுகிறது.

அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது ஆசையாகக் கேட்டாள். முதலில் பின்கழுத்துப் பக்கம் மெல்லிய கற்றை ஒன்றை வெட்டி, அதில் பிளீச் தடவிப் பார்த்தேன். கறுப்பு போய்ச் செம்பழுப்பு வந்தது, அப்புறம் ஆரஞ்சு, அதோடு நின்றுவிட்டது. கறுப்பு முடி எல்லாமே அப்படித்தான். கரும்பழுப்பு நிறமி முதலில் உடையும். அதன் அடியில் இருக்கிற சிவப்பு மஞ்சள் நிறமி லேசில் விடாது. ஆரஞ்சைப் பார்த்துப் பயந்து அன்றைக்கே மறுபடி பிளீச் போடுகிறவர்களுக்குத்தான் முடி அறுந்து கையோடு வருகிறது.

பிளீச் தூளோடு கலக்கிற டெவலப்பர் 20 வால்யூம் போதும். அதில் பெராக்சைடு 6 சதவீதம். சீக்கிரம் வெளுக்கும் என்று 40 வால்யூம் வாங்காதீர்கள், அது 12 சதவீதம், தலைத்தோலைப் புண்ணாக்கிவிடும். பிளீச்சைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் கலக்குங்கள், கைக்குக் கட்டாயம் கையுறை. நான் இஸ்தோப்பில் வைத்துச் செய்ததற்குக் காரணம் உண்டு. உள்ளே அடுப்புப் புகை, பாட்டிக்கு இளைப்பு, பிளீச் தூள் மூச்சில் போனால் இளைப்புக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. மயிர்க்காலுக்குக் கடைசியில்தான் தடவினேன். தலைச்சூட்டில் அந்த இடம் சீக்கிரம் வெளுத்துவிடும்.

நம் பக்கத்துக் குளிருக்குப் பிளீச் மெதுவாகத்தான் வேலை செய்யும். நுவரெலியாவில் ஜனவரியில் துகள்பனி விழுகிற காலைகளில் இன்னும் மெதுவாக. அதற்காக ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள், பாக்கெட்டில் போட்ட நேரத்தைத் தாண்ட வேண்டாம்.

அன்று ஆரஞ்சில் நிறுத்தி, மேலே தேன்பழுப்புச் சாயம் போட்டு அனுப்பினேன். அதற்கே எங்கள் பெரியம்மா, "தோட்டத்துப் பிள்ளைக்கு வெள்ளைக்காரி முடி எதுக்கு?" என்று லயம் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். அவள் உழைத்த சல்லி, அவள் தலை. பெரியம்மாவிடம் நேரிலும் இதையேதான் சொன்னேன்.

அடுத்த லீவுக்கு வந்தபோது மறுபடி செய்தோம். வாழைப்பழத் தோலின் உள்பக்கம் மாதிரி வெளிர்மஞ்சள் வந்த பிறகுதான் டோனர், அதாவது மிச்ச நிறத்தை அடக்குகிற சாயம். மஞ்சளை அடக்க ஊதா, ஆரஞ்சை அடக்க நீலம். அந்த டோனரை இணையத்தில் வாங்கியிருந்தோம். பார்சல் தோட்டத்து ஆபிஸில் கிடந்தது, யாரும் சொல்லவில்லை. எங்கள் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. தபால் மொத்தமாக ஆபிஸுக்குப் போகும், அங்கே மனம் வந்தால் கைக்கு வரும். நேர்முகத் தேர்வுக் கடிதம் தேதி போன பிறகு கிடைத்து வேலையை இழந்த பையன் எங்கள் லயத்திலேயே இருக்கிறான். எங்கள் மக்கள் இந்தியாவிலிருந்து இந்தத் தோட்டங்களுக்கு வந்து இருநூறு வருடம் என்று 2023இல் 'மலையகம் 200' என ஊரெல்லாம் விழா எடுத்தார்கள். இருநூறு வருடம் கழிந்தும் என் வீட்டுக் கதவுக்கு ஓர் எண் இல்லை. முடியைப் பற்றிக் கேட்ட இடத்தில் இது எதற்கு என்பீர்கள். ஒரு டோனருக்காக ஆபிஸ் வாசலில் காத்து நின்றால் உங்களுக்கும் வயிறு எரியும்.

சரி, உங்கள் விஷயம். இதற்கு முன் கறுப்பு ஹென்னா பாக்கெட் ஏதாவது போட்டிருக்கிறீர்களா? சிலவற்றில் உலோக உப்பு கலந்திருக்கும். பெராக்சைடு பட்டதும் சூடேறி முடியே பொசுங்கிவிடும். போட்டிருந்தால் அந்த முடி வளர்ந்து வெட்டுப்படும்வரை பொறுங்கள். போடவில்லை என்றால் சாயத்தையும் டோனரையும் காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பாருங்கள், அரித்தால் விட்டுவிடுங்கள். முதல்முறை பிளீச் போட்ட பிறகு ஈர முடி ஒன்றை இழுத்துப் பாருங்கள். நீண்டுகொண்டே போய்த் திரும்பச் சுருங்காவிட்டால் அதோடு நிறுத்துங்கள், தேன்பழுப்பே போதும். நன்றாக இருந்தால் சில வாரம் தேங்காயெண்ணெய் வைத்து முடியைத் தேற்றிவிட்டு அடுத்ததைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கறுப்பு மறுபடி எட்டிப் பார்க்கும். அப்போது வேருக்கு மட்டும் தடவுங்கள், ஏற்கெனவே வெளுத்த முடியில் பிளீச் படக்கூடாது.