முக்திநாத் போகிற அம்மாவுக்கு எண்ணூர் லைன் ஸ்டேஷன் பெயர்கள்

கேள்வி: நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் தெருவிலிருந்து முப்பது பேர் சேர்ந்து நேபாளம் போய் முக்திநாத் சேவிக்கப் போகிறார்கள். அம்மாவுக்கு 63 வயது, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். அப்பாவுக்கு 67. துறைமுகத்தில் 30 வருஷம் மூட்டை தூக்கியவர், இன்றைக்கும் இரண்டு குடம் தண்ணீரை மாடிக்குக் கொண்டுபோவார். போன தடவை போய்வந்த பக்கத்து வீட்டு மாமா, மலையில் குடித்தவர் மாதிரி தள்ளாடினாராம், சம்பந்தமில்லாமல் பேசினாராம். அவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது. கீழே வந்ததும் சரியாகிவிட்டார். ஆக்சிஜன் குறைந்தால் மூளை கெட்டுப்போகுமா? ஆக்சிஜன் கேன் வாங்கித் தரட்டுமா? கற்பூரம் முகர்ந்தால் போதும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: அந்த மாமாவிடமிருந்தே தொடங்குகிறேன். தள்ளாட்டமும் பேச்சுக் குழப்பமும் மலையில் சேர்ந்து வந்தால் மூளை வீங்குகிறது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். களைப்பு, குளிர், வயசு எல்லாம் அப்புறம். யாரோ அவரைக் கீழே இறக்கியிருக்கிறார்கள், அதுதான் வைத்தியம். ‘படுத்து எழுந்தால் சரியாகிவிடும்’ என்று போர்த்திப் படுக்க வைத்திருந்தால், ஒரே நாளில் நினைவு தப்பி உயிருக்கே ஆபத்தாகியிருக்கலாம்.

மேலே போகப் போகக் காற்றில் ஆக்சிஜன் குறைகிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் காசிமேட்டிலும் எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஒன்றேதான், 100க்கு 21. குறைவது அழுத்தம். நம் பக்கத்து வீடுகளில் மெட்ரோ வாட்டருக்கு அடிபம்ப் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் இருக்கிற நாளில் நாலு அடியில் குடம் நிரம்பும். இல்லாத நாளில் அதே பம்ப், அதே தண்ணீர், நாற்பது அடி அடித்தாலும் பாதிக் குடம்தான். முக்திநாத் 3,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 63 சதவீதம். ஊட்டி 2,240 மீட்டர். ‘ஊட்டிக்குப் போய் வந்தோமே, ஒன்றும் ஆகவில்லையே’ என்று அப்பா சொன்னால், சொல்வது சரிதான், ஆனால் அந்த அனுபவம் இங்கே உதவாது. தொல்லை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது.

பிரஷர் இல்லாத நாளில் பம்பை வேகமாக அடிப்பது மாதிரி, உடம்பும் மூச்சை வேகமாக இழுக்கிறது. இதில் ஒரு வம்பு இருக்கிறது. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். ‘மூச்சை இழு’ என்று உத்தரவு போடுகிற மூளைப் பகுதியோ, வழக்கமாக ஆக்சிஜனைவிட கார்பன் டை ஆக்சைடைப் பார்த்துத்தான் உத்தரவு போடுகிறது. அது குறைந்ததும் ‘போதும்’ என்று நிறுத்திவிடும். அதனால்தான் மலையில் தூங்குகிறவர்கள் பத்துப் பதினைந்து விநாடி மூச்சே இல்லாமல் கிடந்து, திடீரென்று வாரி இழுப்பார்கள். பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடிவயிறு கலங்கும். இது மட்டும்தான் என்றால் பயப்பட வேண்டாம்.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்புக்கு வருகிற ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. வரத்து குறைந்ததும் தன் ரத்தக் குழாய்களை விரித்து, கூடுதலாக ரத்தத்தை வரவழைத்துக்கொள்ளப் பார்க்கிறது. மண்டையோடு எலும்புப் பெட்டி, விரிய இடம் கிடையாது. மேலே போய்ச் சேர்ந்து ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் வருகிற தலைவலிக்கு இது ஒரு முக்கியக் காரணம். கூடவே குமட்டல், பசியின்மை, அசதி. மலைநோய் என்று டூர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். இந்த அளவில் நின்றால் ஓய்வும் ஒரு பாராசிட்டமாலும் போதும், மேற்கொண்டு ஏறக் கூடாது. ஏறினாலோ, சிலருக்கு ஏறாமலேயே கூட, குழாய்ச் சுவர்களிலிருந்து நீர் கசிந்து மூளை வீங்க ஆரம்பிக்கும். மாமாவுக்கு வந்திருக்கக்கூடியது அதுதான்.

இதில் நான் பெரிதாகப் பயப்படுவது வீக்கத்தைவிட வேறொன்று. தொல்லை வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய உறுப்பும் மூளைதான். அதுவே மந்தமாகிவிட்டால், நோயாளி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சத்தியம் செய்வார். பொய்யில்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றும்.

1875 ஏப்ரலில் பிரான்சில் மூன்று பேர் ‘ஜெனித்’ என்ற பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். பைகளில் ஆக்சிஜன் நிரப்பிக் கையோடு கொண்டுபோயிருந்தார்கள், குழாய் எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. தேவைப்பட்டபோது அதை எடுக்கக் கை எழவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். பிழைத்த காஸ்தோன் திசாந்தியே பிறகு எழுதிவைத்தது என்னவென்றால், வலியோ பயமோ இல்லை, மனசுக்குள் ஒரு சந்தோஷம்தான் இருந்தது. விமானத்தில் ‘முதலில் உங்கள் முகமூடியை மாட்டிக்கொண்டு பிறகு குழந்தைக்கு மாட்டுங்கள்’ என்று சொல்வதும் இதனால்தான். விமானம் பறக்கிற உயரத்தில் காற்றழுத்தம் போனால், தெளிவாக யோசிக்க ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது.

பலூனெல்லாம் எதற்கு, நானே ஏமாந்திருக்கிறேன். ராயபுரத்துக்காரன், கடல் மட்டத்திலேயே வளர்ந்தவன், சில வருஷங்களுக்கு முன் லடாக்கில் இருக்கிற லே நகருக்கு நேராக விமானத்தில் போய் இறங்கினேன். 3,500 மீட்டர். அன்று சாயங்காலம் டாக்சிக்காரருக்கு 1,850 ரூபாய் தர வேண்டும். எண்ணிக் கொடுத்தேன், குறைகிறது என்றார். மறுபடி எண்ணினேன், மறுபடியும் குறைகிறது என்றார். மூன்றாவது தடவை, இந்த ஆள் நம்மை ஏமாற்றப் பார்க்கிறான் என்று முடிவுகட்டிச் சத்தம் போட்டேன். என் மனைவி நோட்டுகளை வாங்கி விரித்துக் காட்டினாள். ஐந்நூறு மூன்று, நூறு இரண்டு. அதை 1,850 என்று ஒரு டாக்டர் சாதித்துக்கொண்டிருந்தேன். தலைவலிகூட அதற்கப்புறம்தான் வந்தது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, முதலில் எது போகும், எது கடைசிவரை நிற்கும் என்பது. இருட்டில் பார்க்கும் திறன் 1,500 மீட்டரிலேயே கொஞ்சம் மங்க ஆரம்பிக்கும். அப்புறம் கணக்கு, புதிதாகக் கேட்டதை நினைவில் வைப்பது, முடிவெடுப்பது. ஊறிப்போன பழக்கங்கள் கடைசிவரை நிற்கும். அம்மா விஷ்ணு சஹஸ்ரநாமம் சொல்கிறவராக இருந்தால், மூளை பாதி மந்தமான நிலையிலும் கடகடவென்று சொல்லிவிடுவார். கூட இருப்பவர்கள் ‘பார், எவ்வளவு தெளிவாக இருக்கிறார்’ என்று ஏமாந்துபோவார்கள்.

அதனால் புறப்படுவதற்கு முன் வீட்டிலேயே இரண்டு சோதனை செய்து வையுங்கள். ஒன்று, ஹாலில் டைல்ஸ் கோடு ஒன்றைக் காட்டி, ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். முழங்கால் வலியால் அம்மா இங்கேயே தடுமாறினால் அதைக் குறித்துவையுங்கள், அங்கே ஒப்பிட உதவும். இரண்டாவது, எண்ணூர் லைன் ஸ்டேஷன்களைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர், வ.உ.சி. நகர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை. நம் ஆட்களுக்கு வரிசையாகச் சொல்வது தூக்கத்திலும் வரும், தலைகீழாகச் சொல்ல யோசிக்க வேண்டும். அந்த யோசனைதான் நமக்கு வேண்டியது. மலையில் ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை, அம்மாவை அப்பா சோதிக்கட்டும், அப்பாவை அம்மா சோதிக்கட்டும். கோட்டில் நடக்க முடியவில்லை என்றால் விவாதமே வேண்டாம், நடுராத்திரியானாலும் இறக்கிவிட வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், இளஞ்சிவப்பாக நுரைத்த சளி என்றால் நுரையீரலில் நீர் கோக்கிறது. அதற்கும் இதே வைத்தியம்தான்.

அப்பாவின் உடல்பலத்தைப் பற்றிப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வருத்தப்படாதீர்கள், அது இங்கே செல்லாது. சமவெளியிலிருந்து இமயமலைக்கு வேகமாகக் கொண்டுபோகப்பட்ட நம் ராணுவ வீரர்கள் 1,925 பேருக்கு வந்த மலைநோயைப் பற்றி டாக்டர் இந்தர் சிங்கும் சகாக்களும் 1969-ல் எழுதினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிற ஆய்வு அது. அத்தனை பேரும் கட்டுமஸ்தான ஆட்கள்தான். பலசாலிக்கு இருக்கிற ஆபத்தே, தலைவலியைப் பொருட்படுத்தாமல் விறுவிறுவென்று ஏறுவதுதான். ‘எண்ணூர்ப் புகையையே சுவாசித்தவன், இமயமலைக் காற்று என்னை என்ன செய்யும்’ என்று என்னிடம் ஒருவர் கேட்டார். தூசிக் காற்று மெல்லிய காற்றுக்குப் பயிற்சி ஆகாது. துறைமுகத்தில் அத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு நாள்பட்ட இருமலோ, படியேறினால் இளைப்போ இருந்தால், ஊதிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனையைச் செய்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர், வலிப்பு உள்ளவர், தூக்கத்தில் பலமாகக் குறட்டைவிட்டு மூச்சு நிற்கிறவர் யாராவது அந்த முப்பது பேரில் இருந்தால் அவர்களும் டாக்டரைப் பார்க்கட்டும்.

பயணத் திட்டத்துக்கு வருவோம். பொக்காரா 800 மீட்டர் சொச்சம். அங்கிருந்து சிறிய விமானத்தில் இருபது நிமிஷத்தில் ஜோம்சோம், 2,700 மீட்டர் சொச்சம். நிறையக் குழுக்கள் அன்றைக்கே ஜீப்பில் முக்திநாத் போய், கோயிலுக்குக் கீழே ராணிபவுவாவில் தங்கிவிடுகின்றன. ஒரே நாளில் 2,900 மீட்டர் ஏறி, அங்கேயே படுப்பது. இதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன். பகலில் எவ்வளவு உயரம் போனோம் என்பதைவிட ராத்திரி எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதே முக்கியம். முதல் ராத்திரி ஜோம்சோமில் தங்குங்கள், முடிந்தால் இரண்டாவது ராத்திரியும். காலையில் மேலே போய்ச் சேவித்துவிட்டு, மத்தியானமே ஜோம்சோமுக்குத் திரும்பிவிடலாம். ராணிபவுவாவில் தங்கியே ஆக வேண்டும் என்றால், குழு நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ராத்திரி ஜீப்பும் டிரைவரும் அங்கேயே இருப்பார்களா? ஜோம்சோம் அங்கிருந்து 1,000 மீட்டர் கீழே, ஆஸ்பத்திரியும் அங்கேதான்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரை இருக்கிறது, டயமாக்ஸ் என்றால் மருந்துக் கடையில் தெரியும். சிறுநீர் வழியாகக் காரத்தை வெளியேற்றி ரத்தத்தைக் கொஞ்சம் அமிலமாக்கும். அப்போது மூளை ‘இன்னும் மூச்சு இழு’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாங்களாகப் போடக் கூடாது. அம்மா தன் சுகர் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் மூளை வீக்கத்துக்கு நல்ல மருந்து, ஆனால் சுகரை எகிற வைக்கும். அது இறக்குகிற வழியில் கொடுக்கிற மருந்து, இறக்குவதற்குப் பதிலாக ஆகாது.

அம்மாவுக்கு இன்னொன்று. தரிசனத்துக்காக விரதம் இருந்து, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கி அதே தள்ளாட்டமும் குழப்பமும் வரும். குழம்பினால் விரலில் குத்திப் பாருங்கள், முடியாவிட்டால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். தெளியவில்லை என்றால் இறக்குங்கள். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுக்க வேண்டாம், அந்தப் புகையும் தலைவலி, மயக்கத்தில்தான் ஆரம்பிக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது.

கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் இருந்தால் கொண்டுபோகலாம். ஆனால் இங்கே 88 காட்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அங்கே முதல் நாள் 88 சாதாரணம். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள்.

மூளை கெட்டுப்போகுமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த உயரத்துக்கு இரண்டு மூன்று நாள் போய்வருவதால் நிரந்தரப் பாதிப்பு வருவதில்லை. வீக்கம் வந்தவர்களும் சீக்கிரம் இறக்கப்பட்டால் பெரும்பாலும் முழுசாகத் தேறிவிடுகிறார்கள், சிலருக்கு சில வாரங்கள் பிடிக்கும். பக்கத்து வீட்டு மாமாவுக்கு இன்னும் மறதியோ தள்ளாட்டமோ இருந்தால் அவரை நரம்பியல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். மறுபடி அந்த உயரத்துக்குப் போனால் அவருக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கடையில் விற்கிற ஆக்சிஜன் கேனில் 10 லிட்டர் என்று போட்டிருக்கும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் வீதம் இழுத்தால் ஐந்து நிமிஷம். அந்தப் பணத்தை ஜோம்சோமில் கூடுதலாக ஒரு ராத்திரி தங்கச் செலவு செய்யுங்கள். கற்பூரம் மூக்கில் சில்லென்று ஏறுவதால் மூச்சுத் திறந்த மாதிரி தோன்றும், ரத்தத்தில் ஆக்சிஜன் துளிகூட அதிகமாகாது. வாசனை பிடித்திருந்தால் முடிந்துகொண்டு போகட்டும், வாயில் மட்டும் போட வேண்டாம், விழுங்கினால் கற்பூரமே வலிப்பை வரவழைக்கும்.