நண்பருடன் சதுரங்கம் ஆடத் தனி சர்வர் வாங்க வேண்டுமா?

கேள்வி: தொலைவிலிருக்கும் நண்பருடன் இணையத்திலும், இணையமில்லாத விடுதியில் அறைத்தோழருடன் இரண்டு லேப்டாப்களிலும் சதுரங்கம் ஆட விரும்புகிறேன். தனி சர்வரும் ஆண்டுச் சந்தாவும் தேவை என்கிறார் ஒரு விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். ஒரு நகர்வு என்பது காய் எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்திற்குப் போகிறது என்ற, e2e4 போன்ற, பெரும்பாலும் நான்கே எழுத்துகள்; அதைக் கொண்டுசேர்க்கத் தனி சர்வர் எதற்கு? கட்டணம் வசூலிக்கத் தொடங்கிய ஒரு சர்வருக்கு மாற்றாக 1995-லேயே ஃபிக்ஸ் (FICS) என்னும் இலவச சதுரங்க சர்வர் வந்துவிட்டது. இன்று லிச்செஸ் (Lichess) என்னும் சதுரங்கத் தளத்தில் விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை. நண்பருடன் ஆடுவதற்கான பொத்தானை அழுத்திக் கிடைக்கும் இணைப்பை அனுப்பினால் போதும், இருவருக்கும் கணக்குகூட வேண்டியதில்லை. செஸ்.காம் தளத்திலும் இலவசமாக ஆடலாம். அங்கே சந்தா என்பது பாடங்கள், அலசல் போன்ற கூடுதல் வசதிகளுக்கே.

செயலிக் கடைகளில் தேடும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்னும் சதுரங்க நிரலுக்கு வேறு பெயரும் பளபளப்பான சின்னமும் கொடுத்து, சில நாள் இலவசம் என்று சந்தாவில் சேர்த்துக்கொண்டு, பிறகு வாரந்தோறும் பணம் எடுக்கும் செயலிகள் தேடலில் முன்வரிசைக்கு வந்துவிடுவதுண்டு. கடையை நடத்துபவர்களுக்கு இது தெரியாதா என்ன?

விடுதி அறைக்கு, உள்வலை ஆட்டத்தை (இணையமின்றி ஒரே வைஃபைக்குள் ஆடுவதை) ஆதரிக்கும் இலவச நிரல் ஒன்றை இரு லேப்டாப்களிலும் நிறுவுங்கள். ஒருவர் ஆட்டத்தைத் தொடங்க, மற்றவர் தொடங்கியவருடைய ஐபி முகவரியை, அதாவது வலையில் அந்த லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணை, இட வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். இணையத்தில் பார்த்து எடுத்த முகவரி இதற்கு உதவாது. தொடங்குபவரின் லேப்டாப்பில் வைஃபை அமைப்புகளில் காணப்படும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் முகவரியே வேண்டும். 127.0.0.1 என்பதும் உதவாது, அது அவரவர் கணினியையே குறிக்கும். முகவரி சரியாக இருந்தும் இணையவில்லை என்றால், தொடங்குபவரின் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காப்பு) அந்த நிரலை அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தும் பலனில்லை என்றால், விடுதி வைஃபையில் ஒரு கருவி மற்றொன்றைக் காணாதபடி தடுப்பு போடப்பட்டிருக்கலாம். பொது வைஃபைகளில் இது சகஜம், பொறுப்பாளரிடம் கேட்டால் அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். அவரோடு மல்லுக்கட்டாமல், ஒரு போனில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி இரு லேப்டாப்களையும் அதில் இணையுங்கள். மொபைல் டேட்டா அணைந்திருந்தாலும் பல ஆண்ட்ராய்டு போன்களில் இது வேலை செய்யும்.

ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வழி) திறக்க வேண்டும், தொலைவிலிருந்தே அமைத்துத் தருகிறேன் என்று அந்த விற்பனையாளர் உங்கள் லேப்டாப்பை இயக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள்; ஒரே வைஃபைக்குள் ஆட ரவுட்டரில் எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.