சேணத்தைப் பார்த்தாலே கடிக்க வரும் குதிரை: நீவி விட்டால் சரியாகுமா?

கேள்வி: என்னிடம் 9 வயதுப் பெட்டைக் குதிரை ஒன்று இருக்கிறது. 5 வருடமாக வளர்க்கிறேன். சாது, பிள்ளைகள்கூட ஏறுவார்கள். மூன்று நான்கு மாதமாகக் குணமே மாறிவிட்டது. சேணத்தை எடுத்துக்கொண்டு போனாலே காதை மடக்குகிறது. வயிற்று வாரை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வருகிறது. ஏறிய பிறகு இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது. வலப்பக்கம் வட்டம் போகச் சொன்னால் வாலை விசிறிக்கொண்டு நின்றுவிடுகிறது. போன வாரம் கேன்டருக்கு, அதாவது மிதமான பாய்ச்சலுக்குப் போகச் சொன்னேன், முதுகை வளைத்துத் துள்ளி என்னைக் கீழே தள்ளப் பார்த்தது. திமிர் பிடித்துவிட்டது, இரண்டு போடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒருவர். குதிரைக்கு மசாஜ் செய்கிறவரைக் கூப்பிடு என்கிறார் இன்னொருவர். எது சரி? நானே நீவி விடலாமா?

பதில்: முதலில் அடிக்கிற யோசனையை விட்டுவிடுங்கள். 5 வருடம் சாதுவாக இருந்த குதிரை காரணமில்லாமல் நாலு மாதத்தில் முரடாகாது. குதிரை இரையாகிற இனம். காட்டில் நொண்டுவதை வெளியே காட்டினால் அன்றைக்கே அதன் கதை முடிந்துவிடும், அதனால் வலியை மறைப்பது அதன் ரத்தத்தில் ஊறியது. மாடு மாதிரி முனகாது, நாய் மாதிரி கத்தாது. தாங்க முடியாத கட்டத்தில்தான் காதை மடக்கும், கடிக்கும், துள்ளும். நீங்கள் எழுதியிருக்கிற நான்கு குறிகளும் சேணம், வயிற்று வார், முதுகு, ஒரு பக்கத் திருப்பம் ஆகியவற்றையே சுற்றி வருகின்றன. உங்கள் குதிரைக்கு எங்கோ வலிக்கிறது என்றுதான் நான் படிக்கிறேன்.

நீவி விடலாமா என்றால், விடலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். நான் கற்றுக்கொண்டது ஒரு தவறில் இருந்துதான், அதைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் நான் கவனித்துவந்த ஒரு குதிரை இதே மாதிரி வாரைக் கட்டும்போது கடித்தது. தசைப்பிடிப்பு என்று நினைத்து ஆறு வாரம் தினமும் முதுகை நீவினேன். நீவும்போது கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். மறுநாள் வாரைக் கண்டால் பழையபடி கடிக்க வரும். கடைசியில் மருத்துவர் குழாய்க் கேமராவை வயிற்றுக்குள் விட்டுப் பார்த்தார். இரைப்பை முழுக்கப் புண். அந்த ஆறு வாரமும் அது வலியோடு வேலை செய்திருக்கிறது. நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்: காரணம் தெரிவதற்கு முன் செய்கிற மசாஜ் வலியை மூடி மறைத்துவிடும்.

குதிரையின் இரைப்பை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாரைக் கட்டும்போது கடிப்பதற்குப் பலரும் யோசிக்காத காரணம் இது. நாம் சாப்பிடும்போதுதான் நமக்கு அமிலம் அதிகம் சுரக்கும். குதிரைக்கு இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்க மேய்வதற்கென்று அமைந்த உடம்பு அது. அமிலத்தைத் தணிக்கிற எச்சிலோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். லாயத்தில் கட்டி, இரண்டு வேளைத் தானியமும் கொஞ்சம் புல்லும் போட்டால் இடையில் பல மணி நேரம் இரைப்பை வெறும் அமிலத்தோடு கிடக்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் படலம் உண்டு, மேல்பகுதிக்குக் கிடையாது. வெறும் வயிற்றோடு ட்ராட்டோ (துள்ளல் ஓட்டம்) கேன்டரோ ஓட்டும்போது வயிறு அழுந்தி, அமிலம் மேலே தெறித்து அந்தப் பகுதியைப் புண்ணாக்கும். இது வந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய கேமரா பரிசோதனைதான் வழி. மருந்து இருக்கிறது, மருத்துவர் எடை பார்த்து எழுதித் தருவார். நீங்கள் இன்றைக்கே செய்யக்கூடியது: புல்லோ உலர்புல்லோ எப்போதும் வாயில் அரைபட்டுக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி ஓட்டத் தொடங்கும்போது, ஏறுவதற்கு முன்னால் ஓரிரு கைப்பிடி தின்னக் கொடுங்கள்.

அடுத்தது சேணம். முதுகில் போர்வை எதுவும் இல்லாமல் வெறும் சேணத்தை வைத்துப் பாருங்கள். தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் அசைய வேண்டும். சேணத்தின் முன்பகுதி அதன்மேல் ஏறி உட்கார்ந்தால் ஒவ்வொரு அடியிலும் இடிக்கும். குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவை வயிற்றுப் பக்கத்தில் இருந்து விரலால் தடவிக்கொண்டே மேலே போனால் முதுகில் ஓர் இடம் வரும், சேணம் அதைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. அதற்குப் பின்னால் இருப்பது இடுப்பு, சுமை தாங்குவதற்கான விலா அங்கே இல்லை. நடுவில் முதுகெலும்பின்மேல் எங்கும் படாமல், முன்பக்கத்தில் இருந்து பார்த்தால் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். ஓட்டி முடித்துக் கழற்றியதும் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். சுற்றிலும் நனைந்திருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உலர்ந்து கிடந்தால் அங்கே அழுத்தம் அதிகமாக இருந்திருக்கலாம். சேணம் உட்காரும் இடத்தில் புதிதாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அது பழைய காயத்தின் சாட்சி. 4 வயதில் பொருந்திய சேணம் 9 வயதில் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். முதுகுத் தசை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

வலப்பக்கம் மட்டும் மறுப்பதற்குப் பல்லும் காரணமாகலாம். குதிரைப் பல் வருடத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வெளியே தள்ளிக்கொண்டே வரும். மேல்தாடை கீழ்தாடையைவிட அகலம் என்பதால், தேயாத விளிம்பு மேலே கன்னப் பக்கமும் கீழே நாக்குப் பக்கமும் கத்தி மாதிரி கூராகிவிடும். கடிவாளத்தை இழுக்கும் பக்கம் அது கன்னத்தில் குத்தும். வருடத்துக்கு ஒருமுறையாவது அராவ வேண்டும். குளம்பும் அப்படித்தான், 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவாமல் முன்நுனி நீண்டுவிட்டால் காலின் தசைநாரில் தொடங்கி முதுகு வரைக்கும் இழுக்கும்.

சரி, மருத்துவரைக் கூப்பிட்டால் என்ன கேட்பது? நேராகவும் வட்டத்திலும், ஆள் ஏறியும் ஏறாமலும் நடக்க வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலேசான நொண்டல் சில நேரம் ஏறினால்தான் தெரியும். முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுகிற நோய் சேணம் உட்காரும் இடத்தில்தான் அதிகம் வரும், அதற்கு எக்ஸ்ரே வேண்டும். சிலர் வலிமருந்து கொடுத்து, குணம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான், ஆனால் அதை நீங்களாகச் செய்யாதீர்கள். அந்த மருந்துகளில் பல இரைப்பைப் புண்ணை இன்னும் மோசமாக்கும்.

அவர் வருவதற்குள் நீங்கள் ஒரு வேலை செய்யலாம். வலியில் இருக்கும் குதிரையின் முகத்தை வாசிக்க 2014ல் ஆய்வாளர்கள் ஆறு குறிகளைத் தொகுத்தார்கள்: பின்னோக்கி விறைத்த காது, பாதி மூடி இறுகிய கண், கண்ணுக்கு மேல் எலும்பு துருத்தும் இறுக்கம், புடைத்த தாடைத் தசை, இறுகிய வாயும் மோவாயும், விரிந்து விறைத்த நாசி. சூ டைசன் என்ற கால்நடை மருத்துவர், ஏறி ஓட்டும்போது காண வேண்டிய 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசை, எலும்பு வலி இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என்பது அவர் கணிப்பு. காது மடங்குவது, வால் விசிறுவது, போக மறுப்பது, துள்ளுவது எல்லாம் அதில் வருகின்றன. வாரைக் கட்டும்போதும், லாயத்தில் சும்மா நிற்கும்போதும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் குதிரை நல்ல பிள்ளையாகிவிடும், வீடியோ ஏமாற்றாது. அதுவரைக்கும் ஏற வேண்டாம்.

இப்போது நீவி விடுவதற்கு வருகிறேன். காரணம் தெரிந்து, சிகிச்சையும் தொடங்கி, மருத்துவர் சரி சொன்ன பிறகு மசாஜுக்கு உண்மையான இடம் இருக்கிறது. பல மாதம் ஒரு வலியைத் தவிர்த்து நடந்த குதிரைக்கு மற்ற தசைகள் கட்டிப்போயிருக்கும். அதிலும் குதிரைக்குக் காறை எலும்பு (நமக்குத் தோளையும் நெஞ்சையும் இணைக்கிற எலும்பு) கிடையாது. உடம்பின் முன்பாதி இரண்டு முன்கால்களுக்கு நடுவே வெறும் தசைத் தொட்டிலில் தொங்குகிறது. நிற்கும்போது எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் அந்த முன்கால்களில்தான். அதனால் முதுகு வலித்தால் நெஞ்சும் தோளும் கழுத்தடியும் சேர்ந்து இறுகும்.

குதிரைகள் ஒன்றையொன்று பிடரி முடிகிற மேட்டுப் பக்கம் பல்லால் கோதிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தை நம் கையால் சொறிந்துவிட்டாலே இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993ல் அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே அங்கேயே தொடங்குங்கள். தலைக்கயிறு தளர்வாக இருக்கட்டும், இன்னொருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. முதல் இரண்டு நாள் நீவவே வேண்டாம், உள்ளங்கையைத் தட்டையாக வைத்துக் கழுத்தில் இருந்து வால் வரை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வலம், இடம் இரண்டையும் ஒப்பிடுங்கள். எங்கே சூடு, எங்கே கல் மாதிரி கட்டி, எங்கே கை பட்டதும் தோல் வெட்டுகிறது, எங்கே முதுகைத் தாழ்த்துகிறது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். என்னைக் கேட்டால், மசாஜின் பாதிப் பலன் இந்த நோட்டில்தான் இருக்கிறது. நாளைக்கு ஒரு கால் வீங்கினால் முதலில் கண்டுபிடிப்பது உங்கள் கைதான்.

அப்புறம் முடி படிந்த திசையில் நீளமாக உருவி விடுங்கள். சூடேறியதும் கழுத்து, தோள், புட்டம் போன்ற பருத்த தசைகளில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் மெதுவாக அழுத்தி, ஒரு மூச்சு நிறுத்தி, மெதுவாக விடுங்கள். எலும்பின்மேல் அழுத்தாதீர்கள், முதுகெலும்பின்மேல் கண்டிப்பாகக் கூடாது. ஒரு பக்கத்துக்கு 10, 15 நிமிடம் போதும். லிண்டா டெல்லிங்டன் ஜோன்ஸ் பரப்பிய முறையில் அழுத்தமே கிடையாது. விரல் நுனியால் தோலை ஒன்றேகால் வட்டம் நகர்த்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். ஜிம் மாஸ்டர்சன் முறையில் விரலைப் பட்டும் படாமல் மெதுவாக நகர்த்தி, குதிரை கண் சிமிட்டுகிற இடத்தில் அப்படியே நிறுத்திக் காத்திருப்பார்கள். தொட்டாலே துடிக்கிற குதிரைக்கு இந்த இரண்டும் நல்ல தொடக்கம். தலை தாழ்வது, உதடு தொங்குவது, பெருமூச்சு, மெல்லுவது, நக்குவது எல்லாம் இறுக்கம் தளர்வதைக் காட்டலாம். ஆனால் பயம் விலகும்போதும் குதிரை மெல்லும், வயிற்று வலியிலும் கொட்டாவி விடும். ஒரு குறியை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், கண்ணையும் காதையும் சேர்த்துப் பாருங்கள். விலகி நகர்ந்தால் விட்டுவிடுங்கள். அது வேண்டாம் என்கிறது, நாம் கேட்க வேண்டும்.

முதுகு ஆறிய பிறகு எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி கேரட் துண்டைக் காட்டிக் கழுத்தை வளைக்க வைப்பது. வழுக்காத சமதரையில் நிறுத்தி, மூக்கை நெஞ்சுக்கு, முன்முழங்கால்களுக்கு நடுவே, பிறகு இரு பக்கமும் வார் கட்டும் இடத்துக்கும் இடுப்புக்கும் கொண்டுவர வைத்துச் சில நொடிகள் நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் 5 தடவை, வாரத்துக்கு 5 நாள். மூன்று மாதம் இப்படிச் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டியிருக்கும் ஆழமான தசை பருத்து, இரு பக்கமும் சமமாகி வந்ததை 2011ல் வெளியான ஓர் ஆய்வு ஸ்கேனில் அளந்தது. நீவினால் கிடைக்கிற இதம் சீக்கிரம் கரைந்துவிடும். இப்படிச் சேர்ந்த பலம் முதுகைத் தாங்கும். கழுத்தில் மூட்டுத் தேய்மானம் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எலும்பு விலகியிருக்கிறது, ஒரே தட்டில் இடத்தில் வைக்கிறேன் என்று யாராவது வந்தால் குதிரையைத் தொடவே விடாதீர்கள். 400, 500 கிலோ உடம்பின் முதுகெலும்பு கையால் தட்டி நகர்கிற மாதிரி கட்டப்பட்டதல்ல. மூட்டைக் கையால் அசைத்துச் செய்கிற சிகிச்சை உண்டு, அது அதற்கென்று படித்த கால்நடை மருத்துவர் செய்ய வேண்டியது.

காய்ச்சல், புதிய வீக்கம், திறந்த புண், படர்தாமரை இருக்கும்போது நீவக் கூடாது. படர்தாமரை உங்கள் கைக்கும் ஒட்டும். ஓய்வில் உடல் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, நாடி நிமிடத்துக்கு 44க்கு மேல் போனாலோ முதலில் மருத்துவருக்குப் போன். வேலை முடிந்ததும் புட்டத் தசை பலகை மாதிரி விறைத்து, வியர்த்து, நகர மறுத்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை உடைந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் பிடித்து விடுவதும் நடக்க வைப்பதும் ஆபத்து. நின்ற இடத்திலேயே நிறுத்தி உடனே மருத்துவரை வரவழையுங்கள்.

இன்னொன்று. வலி போன பிறகும் சில வாரம் வாரைக் கண்டால் காதை மடக்கும். வலி போய்விட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லையே! சேணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று ஒரு வாய் கொடுங்கள், போய்விடுங்கள். சில நாள் கழித்து முதுகில் வைத்து எடுங்கள். அப்புறம் வாரைத் தொங்கவிட்டு, ஒரு துளை மட்டும் மாட்டி, நாலடி நடத்தி, அடுத்த துளை. ஒரே இழுப்பில் இறுக்குகிற பழக்கத்தை இனிமேல் எப்போதும் வேண்டாம் என்று வையுங்கள்.

மருத்துவர் பார்த்துவிட்டு என்ன சொன்னார், நோட்டில் வலப்பக்கம் எந்தெந்த இடம் குறித்திருக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். எங்கே எப்படிக் கை வைக்க வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.